மர டிப்போவில் பதினாறு வீடு

மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை ஒட்டிப் போகும் டிப்போ தெருவில் அந்நாளில் மனிதர்களைவிடத் தென்னை மரங்கள் அதிகம். ஒவ்வொரு மனைக்கும் பெரிய தோட்டம், தோட்டத்தின் நடுவே ஒரு வீடு, வீட்டுக்குள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும். தெருமுனையில் அப்துல் கஃபாரின் மர டிப்போ இருந்தது. அதன் தகர வேலியில் முதுகைச் சாய்த்தபடிதான் தபீதாள் தினமும் சாயங்காலம் முடிச்சூர்ப் பேருந்துக்காக நிற்பாள்.

பாரிமுனையில் தந்தி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பீச் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடித்தால் தாம்பரம் வரை கவலையில்லை, உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் ரயில் நேரத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் துன்பம். முடிச்சூருக்கு அப்பால் அவள் குடியிருந்த புறம்போக்கு ஓரத்துக்கு எப்போதோ ஒரு பேருந்து வரும். வந்தாலும் படியில் கால் வைக்க இடமிருக்காது. பாரிமுனையிலிருந்து தாம்பரம் வர ஆகும் நேரத்தைவிடத் தாம்பரத்திலிருந்து வீடு போய்ச் சேரும் நேரம் அதிகம்.

தொண்ணூறாம் வருஷம் ஜூன் மாதம் ஒருநாள் அந்தத் தகர வேலியில் ஒரு பலகை தொங்கியது. இடம் விற்பனைக்கு என்று எழுதியிருந்தது. தபீதாள் வேலி இடுக்கு வழியே உள்ளே பார்த்தாள். மரம் அடுக்கும் கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. பின்னால் வேப்பமரம். அதற்கும் பின்னால், கல்லெறி தூரத்தில், ரயில் நடைமேடையின் கூரை. இங்கே ஒரு வீடு இருந்தால் இந்நேரம் உலை வைத்திருப்பேன் என்று நினைத்தாள். அன்று இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் அதைச் சொன்னாள். அவளுக்கு அந்தப் பெட்டியில் இரண்டு நெருங்கிய தோழிகள். ஒருத்தி சித்திகா. பார்க் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வண்டலூரில் மிருகக்காட்சி சாலைக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தாள். சிங்கத்தின் சத்தம் கேட்டால்தான் அவளுடைய மகள் சாப்பிடுவாள் என்று சொல்லிச் சிரிப்பாள். இன்னொருத்தி எல்லம்மா. ஐம்பது வயது. பீச் ஸ்டேஷன் அருகே ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள். பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டி ஒரு குடிசையில் மகளோடு இருந்தாள். மூவரும் மூன்று திசையிலிருந்து வந்து தாம்பரத்தில் சேர்ந்து, சாயங்காலம் தாம்பரத்திலேயே பிரிவார்கள்.

தபீதாள் சொன்னதைக் கேட்டுப் பெட்டியே சிரித்தது.

"ஸ்டேசன் வாசல்ல வூடு கட்றதுக்கு நாம்ப இன்னா கலெக்டரா?" என்றாள் எல்லம்மா.

"ஒருத்தரால முடியாது அக்கா. பதினாறு பேர் சேர்ந்தா முடியும். மேலே மேலே கட்டிக்கிட்டுப் போனா மண் கொஞ்சம்தானே வேணும்?" என்றாள் தபீதாள்.

சித்திகா சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். கஃபார் பாயைத் தன் மாமனாருக்குத் தெரியும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கஃபாரைப் பார்க்கப் போனார்கள். அவர் மரம் அறுக்கும் தொழிலை மகன்களிடம் விட்டிருந்தார். மகன்கள் அதைச் செங்குன்றம் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். டிப்போ இடத்தை ஒருவர் கல்யாண மண்டபம் கட்டக் கேட்டுக்கொண்டிருந்தார். கஃபாருக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை. "மண்டபத்துல முகூர்த்த நாள்லதான் விளக்கு எரியும். வீடுன்னா தினம் எரியும். நீங்க வாங்கறதா இருந்தா நான் காத்திருக்கேன்மா. ரொம்ப இழுக்காதீங்க, எனக்கும் வயசாகுது" என்றார்.

அந்த மாதமே பெண்கள் பெட்டியில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் பிறந்தது. வங்கியில் வேலை பார்ப்பவள், பள்ளி ஆசிரியை, துணிக்கடையில் நிற்பவள் என்று பதினாறு குடும்பங்கள் சேர்ந்தன. சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே கூட்டம் நடக்கும், மீனம்பாக்கத்தில் சண்டை வரும், பல்லாவரத்தில் சமாதானம் ஆகும். பெரிய சண்டை எல்லம்மாவைப் பற்றித்தான் வந்தது. பெருக்குகிறவளை எப்படிச் சேர்ப்பது, அவளால் எப்படி முடியும் என்று ஒருத்தி காதோடு காதாகக் கேட்டாள். தபீதாள் அதை எல்லோர் காதிலும் விழும்படி எடுத்துப் பேசினாள். கீழ்த்தளத்தில் நான்கு சிறிய வீடுகள், ஒரு அறையும் சமையலறையும் உள்ளவை, குறைந்த பங்குக்கு. அது இல்லையென்றால் தானும் இல்லை என்றாள். அந்தச் சிறிய வீடுகளில் ஒன்றைப் பின்னால் அந்தக் காதோடு பேசியவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வரைபடம் தயாரானது. கீழ்த்தளமும் மூன்று மாடியும். தளத்துக்கு நான்கு வீடு. அனுமதிக்குப் போன இடத்தில் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தெரு தனி வீடுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி. ஒரு மனைக்கு ஒரு மாடிதான், இரண்டு குடும்பம்தான். டிப்போவை இரண்டு மனையாகப் பிரித்தாலும் நான்கு குடும்பத்துக்கு மேல் கூடாது. அங்கே இருந்த அதிகாரி கடுமையாகப் பேசவில்லை. பதினாறு வீடு கட்ட வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போங்கள், முடிச்சூர் தாண்டி எவ்வளவோ நிலம் கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"அங்கேருந்துதான் சார் வரோம்" என்றாள் தபீதாள்.

அவருக்கு அது உறைத்திருக்க வேண்டும். புறப்பட்டவளைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். இந்தப் பகுதிக்கான விதிகளை மாற்றி எழுதும் வேலை நடக்கிறது. முடிவு செய்வதற்கு முன்னால் ஒருநாள் பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். அங்கே வந்து பேசுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் கணவன் ஜெபராஜிடம் இதைச் சொன்னாள். ஜெபராஜ் பல்லாவரம் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையில் பாய்லர் பார்ப்பவன். பேசாத மனிதன். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கச் சொல்வார்கள் என்று பயந்தே கடைசி பெஞ்சில் உட்காருவான். அவன் கேட்டது ஒன்றுதான். அந்தத் தெருக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

தெருக்காரர்கள் எதிர்த்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் வேதாசலம், பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவுக்கு அடுத்த வீடு அவருடையது. தபீதாள் ஒரு சனிக்கிழமை நேராக அவர் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போனாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவளைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டினார்.

"எட்டிப் பாரும்மா" என்றார்.

ஆழத்தில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் மினுங்கியது. இந்த வீடு கட்டும்போதே தோண்டிய கிணறு அது. தெருவில் குழாய்த் தண்ணீர் வருவது அபூர்வம். கோடையில் விடியற்காலை ஊறும் தண்ணீரைத்தான் அவரும் மனைவியும் நாள் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். பதினாறு குடும்பம் வந்து ஆழ்குழாய் இறக்கினால் சித்திரை மாதம் இது வெறும் பள்ளம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

தபீதாள் கிணற்றின் விளிம்பில் கை ஊன்றி மறுபடியும் எட்டிப் பார்த்தாள். அவர் சொல்வது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியதுதான் கஷ்டமாக இருந்தது. "எப்படிக் கட்டினா இந்தக் கிணறு தப்பிக்கும் சார்?" என்று கேட்டாள்.

"கட்டாம இருந்தா தப்பிக்கும்."

"கட்டிட்டோம்னு வெச்சுக்குங்க."

வேதாசலம் முதலில் முறைத்தார். ஆனால் முப்பது வருஷம் அணையும் வாய்க்காலும் கட்டிய மனிதர், கேள்வி காதில் விழுந்துவிட்டது. ஆழ்குழாய் கூடாது என்றார். அகலமான திறந்த கிணறு வெட்ட வேண்டும். மொட்டை மாடியில் விழும் மழை முழுவதும் குழாய் வழியே அந்தக் கிணற்றுக்குப் போக வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் போட்டு மண்ணின் வாயை அடைக்கக் கூடாது. கழிவுத் தொட்டி ரயில் பாதைப் பக்கம். சொல்லச் சொல்ல அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழிக்க ஆரம்பித்தார். பேசி முடித்ததும் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைவு வந்தவர்போல் காலால் அதை அழித்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, அவர் சொன்னபடியெல்லாம் மாற்றி வரைந்த வரைபடத்தோடு அவள் மீண்டும் போனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். ஒரு குழாயின் சரிவு தப்பு என்று பென்சிலால் திருத்தினார். பிறகு சொன்னார், "இருந்தாலும் நான் எதிர்த்துத்தான் பேசுவேன். தெருவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கருத்துக் கேட்கும் கூட்டம் தொண்ணூற்றொன்று நவம்பரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் என்று அறிவித்தார்கள். கூட்டம் வேலை நாளில், காலையில் ஆரம்பம். அறிவிப்பைப் படித்ததும் பெண்கள் பெட்டி வாடிவிட்டது. அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான். ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் ஊரின் மறுகோடியில் இருப்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் லீவு போட முடியாது. நர்ஸுக்கு மாற்று ஆள் வேண்டும், துணிக்கடைக்கு ஒருநாள் போகாவிட்டால் வேலையே போகும்.

தபீதாளும் சித்திகாவும் மதிய உணவு நேரத்தில் நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போய் அந்தக் கூட்டத்தை நடத்தவிருந்த அதிகாரியைப் பார்த்தார்கள். பெயர் ரத்தினபாய். நாகர்கோவில் பக்கத்துக்காரி, வெடுக்கென்று பேசுகிறவள். தேதியை மாற்ற முடியாது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள். பிறகு அவர்கள் எழுந்தபோது தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பேச ஒருத்தர் பாக்கி இருக்கிற வரைக்கும் நான் கூட்டத்தை முடிக்க மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் சரி. ஆனா பேச ஆள் இல்லேன்னா ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டேன்."

படியிறங்கும்போதே இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சாயங்கால ரயில் வரும்வரை யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் அந்தச் செய்தி ரயில் முழுவதும் போயிற்று. பெண்கள் பெட்டியிலிருந்து பொதுப் பெட்டிகளுக்கு, காலை வண்டியிலிருந்து அதற்கு அடுத்த வண்டிக்கு. டிப்போவில் பங்கு இல்லாதவர்கள்கூட விசாரித்தார்கள். எங்களுக்கும் ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை வீடு கிடைப்பதில்லையே, நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். வாங்க என்றாள் தபீதாள்.

கூட்டத்தன்று காலையிலிருந்து மழை. மண்டபத்தின் முன்வரிசைகளில் டிப்போ தெருக்காரர்கள் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ரத்தினபாய். வேதாசலம் முதலில் பேசினார். வளவளவென்று இல்லை. தண்ணீர், சாக்கடை, வெளிச்சம், அமைதி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவருக்குப் பிறகு தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அவர்கள் பக்கம் முடிந்துவிட்டது.

இந்தப் பக்கம் இருந்தவர்கள் லீவு போட முடிந்த தபீதாள், வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்த எல்லம்மா, இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெபராஜ், இன்னும் நாலைந்து பேர். தபீதாள் கடைசியில் பேசுவதாக ஏற்பாடு. எல்லம்மா முதலில் எழுந்தாள். தன் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தாள். பள்ளிக்கரணையில் மழைக்காலத்தில் குடிசைக்குள் மீன் நீந்தி வருவதையும், தண்ணீர்ப் பாம்பை முறத்தால் தள்ளிவிடுவதையும், விடிவதற்கு முன் எழுந்து இரண்டு பேருந்து மாறி ஸ்டேஷனுக்கு வருவதையும் சொன்னாள். தெருக்காரர்களிலும் சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். விஷயத்துக்கு வாருங்கள் என்று ரத்தினபாய் சொன்னபோது, "அதுக்குத்தாம்மா வந்துகினு கீறேன். தூரத்துலேர்ந்து வர்றவளுக்கு லேட்டாத்தான் ஆவும்" என்றாள் எல்லம்மா. ரத்தினபாய் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து எதையோ எழுதினாள்.

எல்லம்மா களைத்துப்போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பேசினார்கள். மழை வலுத்தது. மின்சாரம் போயிற்று. ஸ்டேஷன் பக்கமிருந்து வந்த ஒருவர், பாதையில் தண்ணீர் நிற்பதால் கிண்டிக்கு இந்தப் பக்கம் ரயில் எதுவும் நகரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தபீதாள் கணக்குப் போட்டாள். இப்போது தான் எழுந்து பேசினால், பேசி முடித்ததும் கூட்டமும் முடிந்துவிடும். இந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பேரின் குரல் மட்டும்தான் பதிவாகும்.

"வேற யார்?" என்று கேட்டாள் ரத்தினபாய்.

பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. ஜெபராஜ் எழுந்து நின்றான். தபீதாள் திரும்பிப் பார்த்து, உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள்.

அவன் முதலில் தன் பெயரைச் சொன்னான். பிறகு முன் பெஞ்சின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஷிப்ட் வேலைங்க" என்று ஒருவழியாக ஆரம்பித்தான். "நைட் ஷிப்ட் வாரத்துல, இவ எந்த பஸ்ல இறங்கறாளோ அதே பஸ்ல நான் ஏறுவேன். அந்த இறங்கற நேரம்தாங்க நாங்க பார்த்துக்கறது. சாவியை வாங்கிக்குவா, சாப்பிட்டீங்களான்னு கேட்பா, கண்டக்டர் விசில் அடிச்சிருவாரு. கல்யாணமான பதினஞ்சு வருஷத்துல பாதி வருஷம் இப்படித்தாங்க போச்சு."

அவன் அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. அத்தனை வருஷமும் பேசாததெல்லாம் அங்கேயே காத்திருந்ததுபோல் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மழைநாளில் பேருந்து வராமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தூங்கியே கழிவதைச் சொன்னான். பாய்லரைப் பற்றிக்கூடச் சொன்னான். தபீதாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தான் கட்டிக்கொண்ட மனிதனுக்குள் இவ்வளவு சொல் இருந்தது அவளுக்குத் தெரியாது.

அவனுக்கும் ஒருவழியாகத் தீர்ந்துபோயிற்று. மேல்சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்தான். வெளியே மழை குறைந்திருந்தது. ரயில் வந்த சத்தம் இல்லை. பேசாமல் பாக்கி இருந்தவள் தபீதாள் மட்டும்தான். ரத்தினபாய் அவளைப் பார்த்தாள். தபீதாள் எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்தாள்.

அப்போது முன்வரிசையில் வேதாசலம் எழுந்தார்.

"நான் தண்ணீர் விஷயத்தைச் சரியா விளக்கலை. மறுபடியும் சொல்லணும்" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கூட்டம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தால் நீங்கள் ஏன் மறுபடி கிளப்புகிறீர்கள் என்று அடங்கிய குரலில் கேட்டார். வேதாசலம் கையை உதறிக்கொண்டார். "எதிராளி வந்து சேர்றதுக்கு முன்னாடி ஜெயிச்சா அது ஜெயிப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மேடைப் பக்கம் திரும்பினார்.

அவர் பேசினார். இந்த மண்ணின் கீழே எவ்வளவு ஆழத்தில் பாறை வருகிறது, மழை எப்படி வழிந்து வீணாகிறது, திறந்த கிணறு ஏன் நல்லது, ஆழ்குழாய் ஏன் கெடுதல், மாடித் தண்ணீரை எப்படி இறக்க வேண்டும் என்று பாடம் எடுப்பதுபோல் விளக்கினார். எத்தனை குடும்பம் வந்தாலும் இதைச் செய்யாமல் யாரையும் கட்ட விடக் கூடாது என்றார். ரத்தினபாய் பேனாவை எடுத்து வேகமாக எழுதத் தொடங்கினாள். அவர் சாக்கடைக்கு வந்தபோதுதான் தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது.

முதலில் சித்திகா வந்தாள், வெள்ளைப் புடவை முழங்கால் வரை நனைந்து. அவளுக்குப் பின்னால் டிபன் பைகளும் குடைகளும். பெண்கள் பெட்டி முழுவதும் வந்தது. அதற்குப் பின்னால் பொதுப் பெட்டிகள். நாற்காலிகள் நிறைந்தன, சுவரோரம் நிறைந்தது, வாசற்படி நிறைந்தது. உள்ளே இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேதாசலம் அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என் பேச்சு முடிஞ்சது" என்று உட்கார்ந்தார்.

தபீதாள் மேடைக்கு முன்னால் போனாள். தந்தியில் வார்த்தைகளைச் சுருக்கிப் பழகியவள். சுருக்கமாகத்தான் பேசினாள்.

"மேடம், இந்த ஸ்டேஷனை எல்லாரோட வரிப்பணத்துலயும்தான் கட்டினாங்க. அதுக்குப் பக்கத்துல யார் இருக்கணும்? அதுல போறவங்கதானே இருக்கணும்? இங்க இடம் இல்லேன்னு எங்களை ஏரிக்கும் சதுப்புக்கும் அனுப்பறீங்க. அங்கேருந்து மறுபடியும் இங்கதான் வரோம். வேதாசலம் சார் சொன்ன தண்ணி விஷயம் எல்லாம் சத்தியம். அவர் சொன்னபடிதான் நாங்க வரைஞ்சிருக்கோம். அவர் சொன்னதையும் விதியில எழுதுங்க, எங்களையும் எழுதுங்க."

ரத்தினபாய் பேனாவை வைத்தாள். "உங்க பதினாறு வீட்டுக்காக நான் விதியை வளைக்க முடியாதும்மா."

"எங்களுக்காக வளைக்க வேணாம் மேடம். இன்னைக்கு நாங்க வளைச்சா நாளைக்கு வேற ஒருத்தர் வேற பக்கம் வளைப்பார். ஸ்டேஷன்லேருந்து நடந்து போற தூரம் வரைக்கும் எல்லாருக்கும் ஒண்ணா மாத்துங்க. பின்னால நிக்கறாங்களே, இவங்களுக்கு டிப்போவுல இடம் கிடையாது. அது தெரிஞ்சும் மழையில வந்திருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே யாரோ கை தட்டினார்கள். அது உள்ளே வந்து மண்டபம் முழுக்கப் பரவியது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ரத்தினபாய் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு, கடைசி ஆள் பேசும்வரை எழுந்திருக்கவில்லை.

முடிவு வர அடுத்த வருஷம் ஆடி மாதம் ஆயிற்று. அதற்குள் மண்டபம் கட்டக் கேட்டவர் கஃபாரிடம் மூன்று தடவை வந்துவிட்டுப் போனார். மகன்களும் நச்சரித்தார்கள். கஃபார் அசையவில்லை. பெண்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள தெருக்களில் கீழ்த்தளத்தோடு மூன்று மாடி வரை, பல குடும்பங்கள் குடியிருக்கும்படி கட்டலாம் என்று புதிய விதி சொன்னது. திறந்த கிணறும், மழைநீரை அதில் இறக்குவதும் கட்டாயம் என்று அதன் கீழேயே இருந்தது. சித்திகா அதைப் பெண்கள் பெட்டியில் நின்றபடி உரக்கப் படித்தாள். மாம்பலத்திலிருந்து தாம்பரம் வரை யாரும் உட்காரவில்லை. எல்லம்மா தன் கூடையில் இருந்த பூ முழுவதையும் கிள்ளிக் கிள்ளி எல்லோர் தலையிலும் வைத்தாள். பாதியில் ஏறிய பெண்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதம் கடைக்கால் தோண்டினார்கள். முதல் தளம் எழும்போதே அந்தப் பயங்கரமான கோடை வந்தது. மெட்ராஸே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய வருஷம் அது. கடைக்காலோடு வெட்டிய புதுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் கட்டட வேலைக்கு அதை இறைத்தால் தெருவின் கிணறுகள் இறங்கும். சங்கத்தில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. கடைசியில் மழை வரும்வரை வேலையை நிறுத்துவதென்று முடிவாயிற்று. அந்த நாலு மாதமும் பதினாறு குடும்பமும் பழைய இடத்துக்கே வாடகையும் கொடுத்துக்கொண்டு, பழைய பேருந்துக்கே நின்றார்கள். டிப்போ தெருக்காரர்கள் குடத்தோடு வந்து புதுக் கிணற்றில் குடிக்க மட்டும் இறைத்துக்கொண்டு போனார்கள். வேதாசலத்தின் மனைவி முதல் குடத்தை எடுத்தபோது எல்லம்மாதான் கயிற்றைப் பிடித்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மொட்டை மாடிக்குப் பதில் பாதிக் கட்டிய தளத்திலிருந்தே தண்ணீர் குழாய் வழியே இறங்கிக் கிணறு பொங்கியது. வேதாசலம் குடை பிடித்துக்கொண்டு வந்து குழாயின் வாயில் நின்று பார்த்தார். சரிவு சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

தொண்ணூற்று நான்கு செப்டம்பரில் குடிபுகுந்தார்கள். ஒரே நாளில் பதினாறு பால் பொங்கியது. சித்திகா வீட்டில் பாத்திஹா ஓதினார்கள், தபீதாள் வீட்டில் ஜெபம் நடந்தது, கீழ்த்தளத்தில் எல்லம்மா வாசலில் கோலம் போட்டுக் கற்பூரம் ஏற்றினாள். கஃபாருக்கு நடக்க முடியவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு மாடியாகக் காட்டினார்கள். ரத்தினபாயை அழைத்திருந்தார்கள், அவள் வரவில்லை, அதிகாரியான தான் வரக்கூடாது என்று சொல்லியனுப்பினாள். ஆனால் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைச் சித்திகா கண்டாள்.

புது வீட்டில் முதல் திங்கட்கிழமை. தபீதாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் நுழைந்தாள். ஜெபராஜ் இரவு வேலைக்குக் கிளம்பாமல் காப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். பேருந்து பிடிக்க வேண்டியதில்லை, அவனுக்கும் ரயில்தான், இன்னும் நேரம் இருந்தது. இருவரும் பால்கனியில் உட்கார்ந்து குடித்தார்கள். அவன் போன வாரம் ஆலையில் நடந்ததையெல்லாம் சொன்னான்.

கீழே தெருவில், கையில் துணி மூட்டையோடு ஒரு ஆணும் பெண்ணும் ஸ்டேஷன் பக்கமிருந்து வந்து தயங்கி நின்றார்கள். இந்தக் கட்டடத்தில் வாடகைக்கு ஏதாவது காலி இருக்கிறதா என்று வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எல்லம்மாவைக் கேட்டார்கள்.

"இங்க ஒண்ணும் காலி இல்லம்மா" என்றாள் எல்லம்மா. "அடுத்த தெருவுல ரெண்டு வூடு இதே மாரி எழும்பிகினு கீது. அந்தாண்ட வேதாசலம் சாரும் மேல ரெண்டு மாடி எடுக்கிறாரு. வாங்க, நானே கூட்டிகினு போய்க் காட்றேன்."

கீரை முறத்தை உள்ளே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.